பறக்கும் தட்டுத் தொடர்பாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களில் அமெரிக்காவில் சிலர், வேற்றுக்கிரக மனிதர்களை நேரில் சந்தித்துப் பேசியதாகச் சொன்னார்கள். அவர்களைப் பற்றியும், அவர்களை ஆராய்ந்தவர்களைப் பற்றியும் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். யாரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருவது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

தொடர்பாளர் என்றால் யார்? பறக்கும் தட்டைப் பார்த்தவர்கள் எல்லாருமா?

இல்லை. வானத்தில் எதையோ பார்த்தவர் வேறு, தொடர்பாளர் வேறு. 1947 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைப் பக்கம் விமானம் ஓட்டிக்கொண்டு போன கென்னத் அர்னால்டு, ஒன்பது பொருட்கள் வரிசையாக, நம்ப முடியாத வேகத்தில் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பத்திரிகைகள் அதற்குப் 'பறக்கும் தட்டு' என்று பெயர் வைத்துவிட்டன. அர்னால்டு யாரையும் சந்தித்ததாகச் சொல்லவில்லை. அவர் வெறும் சாட்சி.

தொடர்பாளர் அதற்கு மேலே போகிறவர். தட்டிலிருந்து இறங்கியவரைப் பார்த்தேன், அவரோடு பழகினேன், மனித குலத்துக்கு ஒரு செய்தியை என்னிடம் ஒப்படைத்தார் என்பார். ஆங்கிலத்தில் 'காண்டாக்டீ' என்று சொல்வது இவர்களைத்தான்.

ஆட்களைக் கடத்திக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்ததாகச் சொல்வார்களே, அதுவும் இதில் வருமா?

வராது. அது 1961 செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பெட்டி, பார்னி ஹில் தம்பதி சொன்ன சம்பவத்துக்குப் பிறகு பரவிய வேறு வகைக் கதை. அங்கே வருபவர்கள் பயமுறுத்துகிறவர்கள், அகப்பட்டவர் பாதிக்கப்பட்டவர். தொடர்பாளர்களின் கதையில் வருபவர்கள் அழகானவர்கள், அன்பானவர்கள், நம்மைவிட ஒழுக்கத்தில் உயர்ந்தவர்கள். 'விண்வெளிச் சகோதரர்கள்' என்றே அவர்களை அழைத்தார்கள்.

இதை ஆரம்பித்து வைத்தது யார்?

புகழ் பெற்ற முதல் ஆள் ஜார்ஜ் ஆடம்ஸ்கி. 1891-ல், இன்று போலந்தில் இருக்கும் பிட்கோஷ்ச் நகரில் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. 1930களில் கலிபோர்னியாவின் லகூனா பீச்சில் 'திபெத்தின் ராஜ சபை' என்ற ஆன்மிக அமைப்பை நடத்தினார். அப்புறம் சீடர்களோடு பாலமர் மலைச்சரிவுக்குக் குடியேறினார். ஆலிஸ் வெல்ஸ் என்ற சீடர் அங்கே ஓர் உணவு விடுதி வைத்திருந்தார்.

அதே மலையின் உச்சியில்தான் அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய தொலைநோக்கியான 200 அங்குல ஹேல் தொலைநோக்கி இருந்தது. கீழே ஆடம்ஸ்கியிடம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று. சீடர்கள் அவரைப் 'பேராசிரியர்' என்று கூப்பிட்டார்கள். பாலமர் வானாய்வகத்தைச் சேர்ந்தவர் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள்; அவருக்கும் அந்த ஆய்வகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பாலைவனத்தில் என்னதான் நடந்ததாம்?

1952 நவம்பர் 20, கலிபோர்னியாவின் டெஸர்ட் சென்டர் என்ற சிற்றூருக்கு அருகே. ஆடம்ஸ்கியும் நண்பர்கள் ஆறு பேரும் தட்டுகளைத் தேடிப் போயிருந்தார்கள். மற்றவர்களை விட்டுவிட்டு அவர் மட்டும் தனியே நடந்து போனார். அங்கே தோள்வரை பொன்னிறக் கூந்தலோடு ஓர் இளைஞன் நின்றிருந்ததாகவும், சைகையாலும் மனத்தாலும் இருவரும் பேசிக்கொண்டதாகவும் சொன்னார். வந்தவர் வெள்ளி கிரகத்தவர். பின்னாளில் அவருக்கு 'ஆர்தன்' என்ற பெயர் வந்தது. அணுகுண்டு வெடிப்புகளைப் பற்றிய கவலைதான் அவர் சொன்னதில் முக்கியமானது. அவர் விட்டுப்போன காலடித் தடங்களுக்கு வில்லியம்சன் என்ற நண்பர் பிளாஸ்டர் அச்சு எடுத்தார்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். அமெரிக்கா தன் முதல் ஹைட்ரஜன் குண்டைப் பசிபிக் கடலின் எனிவெட்டாக் தீவில் வெடித்தது 1952 நவம்பர் 1. அதற்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. இதை ஒட்டிப் பார்க்காமல் படிப்பவர்களுக்கு ஆடம்ஸ்கியின் கதை வெறும் விசித்திரமாகத்தான் தெரியும். தலைக்கு மேல் தொங்கிய பயத்துக்கு அந்தக் கதை ஒரு பதில் கொடுத்தது என்பது என் எண்ணம்.

ஆறு சாட்சிகள் இருந்தார்கள் என்கிறீர்கள். அத்தனை பேரும் பொய் சொல்வார்களா?

அந்த ஆறு பேர்: ஜார்ஜ் ஹன்ட் வில்லியம்சன், அவர் மனைவி பெட்டி, ஆல்ஃபிரட் பெய்லி, அவர் மனைவி பெட்டி, உணவு விடுதிக்காரர் ஆலிஸ் வெல்ஸ், ஆடம்ஸ்கியின் செயலாளர் லூசி மெக்கின்னிஸ். யாரும் பக்கத்தில் இல்லை. தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தவர்கள். செய்தி நான்கு நாள் கழித்து, நவம்பர் 24 அன்று அரிசோனாவின் ஃபீனிக்ஸ் கெஜட் நாளிதழில் வந்தது.

ஜேம்ஸ் மோஸ்லி என்ற இளைஞர், தட்டுகளைப் பற்றிச் சிறு பத்திரிகை நடத்தியவர், இந்தச் சாட்சிகளைத் தேடிப் போய் விசாரித்தார். ஆல்ஃபிரட் பெய்லி, தாம் அந்த வெள்ளிகிரக மனிதரைப் பார்க்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டார். இதையெல்லாம் சேர்த்து 1957-ல் மோஸ்லி ஒரு தனி இதழே வெளியிட்டார். ஆனால் லூசி மெக்கின்னிஸ், பிற்பாடு ஆடம்ஸ்கியை விட்டு விலகிய பிறகும், அன்று கண்டதாகச் சொன்னதை மாற்றவில்லை. ஆறு பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பொய்யர்கள் என்றோ உண்மையர்கள் என்றோ சொல்ல முடியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மோஸ்லி செய்தது அதைத்தான். இந்தத் துறையில் முதல் உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த போட்டோக்கள்? மணி மாதிரி ஒரு தட்டு இருக்குமே?

1952 டிசம்பர் 13 அன்று பாலமர் மலைச்சரிவில் எடுத்ததாகச் சொன்ன படம் அது. மேலே கூம்பு, சுற்றிலும் ஜன்னல்கள், அடியில் மூன்று உருண்டைகள். இன்றும் பறக்கும் தட்டு என்றால் பலர் வரைவது அந்த உருவத்தைத்தான்.

அது எதனால் செய்த மாதிரி என்று பல ஊகங்கள் கிளம்பின. 2012-ல் ஜோயல் கார்ப்பென்டர் என்ற ஆய்வாளர், 1930களில் கடைகளில் விற்ற ஒரு பிரஷர் விளக்கின் மேல்மூடியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். தட்டின் முக்கிய பாகம் அதனோடு அச்சாகப் பொருந்தியது. எனக்கு இது போதும். அறுபது வருடம் கழித்து ஒருவர் பழைய விளக்குகளைத் தேடிப் பார்க்கிற அளவுக்குப் பொறுமை காட்டியதால் வந்த விடை இது. கேலி செய்தவர்கள் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

வெள்ளி கிரகத்தில் ஈயமே உருகுமே! இதை எப்படி ஜனங்கள் நம்பினார்கள்?

இன்றைக்கு நமக்குத் தெரியும்: தரையில் வெப்பம் சுமார் 460 டிகிரி செல்சியஸ், காற்றழுத்தம் பூமியைப்போல் ஏறக்குறைய 90 மடங்கு. 1952-ல் தெரியாது. வெள்ளியை அடர்ந்த மேகம் மூடியிருப்பதால் கீழே சதுப்புக் காடோ கடலோ இருக்கலாம் என்று விஞ்ஞானிகளே எழுதிய காலம். 1956-ல் ரேடியோ அலைகளைக் கொண்டு அளந்தபோதுதான் சந்தேகம் எழுந்தது. 1962 டிசம்பரில் அமெரிக்க விண்கலம் மாரினர் 2 கிட்டப் போய் உறுதிசெய்தது. 1970-ல் சோவியத் விண்கலம் வெனிரா 7 தரையிலேயே இறங்கியது.

நிலவு விஷயத்தில் ஆடம்ஸ்கிக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது. நிலவின் மறுபக்கத்தில் மரம், ஆறு, பிராணிகள் எல்லாம் பார்த்ததாக எழுதியிருந்தார். 1959 அக்டோபரில் சோவியத் நாட்டின் லூனா 3 அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியது. பள்ளமும் பாறையும்தான் இருந்தன. படத்தை ரஷ்யர்கள் திருத்திவிட்டார்கள் என்றார் அவர்.

அவர் ஒருவர்தானா, இன்னும் ஆட்கள் இருந்தார்களா?

நிறையப் பேர். ட்ரூமன் பெதுரம் சாலை போடும் வேலையில் இருந்தவர். நெவாடா பாலைவனத்தில் கிளாரியன் என்ற கிரகத்திலிருந்து வந்த அவுரா ரேன்ஸ் என்ற பெண் கேப்டனைச் சந்தித்ததாகச் சொன்னார். டேனியல் ஃபிரை ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் தொழில்நுட்ப வேலை பார்த்தவர். ஆர்ஃபியோ ஆஞ்சலூச்சி லாஸ் ஏஞ்சலஸ் அருகே லாக்ஹீட் விமானத் தொழிற்சாலையில் தொழிலாளி. மிசௌரியில் பக் நெல்சன் என்ற விவசாயி வெள்ளிகிரக நாயின் முடியைப் பொட்டலம் கட்டி விற்றார். நியூ ஜெர்சியின் ஹோவர்ட் மெங்கர் 1960களில் தம் கதையிலிருந்து பின்வாங்கி, பிறகு மறுபடியும் அதற்கே திரும்பினார். லண்டனில் டாக்சி ஓட்டிய ஜார்ஜ் கிங் 1955-ல் தொடங்கிய ஈதீரியஸ் சொசைட்டி இன்றும் இயங்குகிறது.

இவர்களையெல்லாம் ஓர் இடத்தில் கூட்டியவர் ஜார்ஜ் வான் டாஸல். மொஹாவி பாலைவனத்தில் ஜயன்ட் ராக் என்ற பிரம்மாண்டமான தனிப் பாறை. பக்கத்தில் அவர் நடத்திய சிறு விமானத் தளம். 1950களில் தொடங்கி வருடாவருடம் அங்கே மாநாடு போட்டார். ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. விண்வெளிச் சகோதரர்கள் சொன்னபடி, உடலை இளமையாக்கும் என்று 'இன்டெக்ரட்ரான்' என்ற மரக் குவிமாடம் ஒன்றையும் கட்டத் தொடங்கினார். 1978-ல் இறந்தார், அவர் நினைத்தபடி அது முடியவில்லை. கட்டடம் இன்னும் நன்றாக இருக்கிறது, இசைக் கிண்ணங்களின் ஒலியைக் கேட்க மக்கள் போகிறார்கள்.

இவ்வளவு ஓட்டை என்று தெரிந்த பிறகும் எதற்கு ஆராய வேண்டும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் மனதார நம்பிச் சொல்லும் பதில்: ஒரு நம்பிக்கை பிறந்து, ஆட்களைச் சேர்த்து, சட்டதிட்டம் வகுத்து, சில இடங்களில் மதமாகவே ஆகிற காட்சி இங்கே ஆவணங்களோடு நம் கண்முன் கிடைக்கிறது. பழைய மதங்களின் முதல் பத்து வருடங்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது பிற்காலத்தவர் எழுதியவைதான். தொடர்பாளர்கள் விஷயத்தில் முதல் செய்தித்தாள், முதல் கடிதம், முதல் பதிப்பு, மாநாட்டு ஒலிப்பதிவு எல்லாமே இருக்கின்றன. கதை எந்த வருடம் எப்படி மாறியது என்று தேதி போட்டுக் காட்டலாம்.

இன்னொன்று, அந்தக் கதைகளைக் கேட்க வந்தவர்கள். அணுகுண்டு, கொரியப் போர், பனிப்போர் என்று பயந்துகொண்டிருந்த சாதாரண மக்கள். யாரோ மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நம்மை அழியவிட மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னபோது பாலைவன வெயிலில் போய் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட்டால் அந்தக் காலத்தைப் பற்றி எதுவும் புரியாது.

வெள்ளம் வரும் என்று காத்திருந்த ஒரு கூட்டத்தைப் பற்றிப் படித்தேன். அது இதில் சேர்ந்ததா?

அதேதான். சிகாகோ பக்கம் டோரதி மார்ட்டின் என்ற பெண்ணின் கை தானாக எழுதிய செய்திகள் கிளாரியன் கிரகத்திலிருந்து வந்தவையாம். பெதுரம் சொன்ன அதே பெயர் என்பதைக் கவனியுங்கள். 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், அதற்கு முன்பு தட்டு வந்து தங்களை ஏற்றிக்கொள்ளும் என்று ஒரு சிறு கூட்டம் நம்பியது. தட்டில் உலோகம் ஆகாது என்று துணியிலிருந்த ஜிப்பைக்கூட வெட்டி எடுத்தார்கள். விடிந்தது, ஒன்றும் வரவில்லை. அதிகாலையில் ஒரு புதுச் செய்தி வந்தது: உங்கள் சிறு கூட்டம் பரப்பிய ஒளியால் உலகம் காப்பாற்றப்பட்டது. அதுவரை நிருபர்களைத் தவிர்த்தவர்கள் உடனே பத்திரிகைகளுக்கு போன் போட ஆரம்பித்தார்கள்.

லியான் ஃபெஸ்டிங்கர், ஹென்றி ரீக்கன், ஸ்டான்லி ஷாக்டர் என்ற மூன்று உளவியல், சமூகவியல் ஆய்வாளர்கள் இந்தக் கூட்டத்துக்குள் ஆட்களை அனுப்பிக் கவனித்து 1956-ல் புத்தகம் எழுதினார்கள். நம்பிக்கை பொய்த்தால் மனிதர் அதை இன்னும் இறுகப் பிடிப்பார் என்ற கருத்து அதிலிருந்து பரவியது.

அந்த ஆய்வை அப்படியே நம்பலாமா?

நான் முழுதாக நம்பவில்லை. சின்னக் கூட்டம். அதற்குள் நம்பிக்கையாளர் வேடத்தில் ஆய்வாளர்கள். சிலர் உள்ளே நுழைய, தங்களுக்கும் அமானுஷ்ய அனுபவம் வந்ததாகப் பொய்க் கதை சொன்னார்கள். அப்படிப் புதியவர்கள் கதையோடு வந்து சேர்வதே, தாங்கள் சரியான பாதையில் இருக்கிறோம் என்று அந்தக் கூட்டத்துக்குத் தோன்ற வைத்திருக்கும். இந்தக் குறையைப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

டோரதி மார்ட்டின் அதோடு நிற்கவும் இல்லை. மேலே சாட்சிகள் பட்டியலில் வந்த வில்லியம்சன் தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் ஓர் ஆன்மிகக் குழுவைத் தொடங்க, அவரும் அங்கே போனார். பிறகு 'சகோதரி தெட்ரா' என்ற பெயரில் 1992-ல் இறக்கும்வரை செய்திகளை எழுதிக்கொண்டிருந்தார். டிசம்பர் 21-க்குப் பிந்தைய அவருடைய வாழ்க்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதற்கும் நம்ம அடையாறுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் 1875-ல் நியூயார்க்கில் தொடங்கிய தியாசபிகல் சொசைட்டி (பிரம்மஞான சபை), 1882-ல் சென்னை அடையாறில் தலைமையகம் அமைத்தது. கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்கள் மனித குலத்தை வழிநடத்துகிறார்கள் என்பது அவர்களுடைய கொள்கை. அதே சபையின் லெட்பீட்டரும் அன்னி பெசன்ட்டும் இன்னும் மேலே போய், வெள்ளி கிரகத்திலிருந்து 'அக்கினி அதிபதிகள்' பூமிக்கு இறங்கினார்கள், அவர்களின் தலைவர் சனத்குமாரர் என்று எழுதினார்கள். நம் கோயில்களில் கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தியின் முன் அமர்ந்திருக்கும் சனகாதி முனிவர் நால்வரில் ஒருவரான அதே சனத்குமாரர்.

இந்தச் சரக்கு அமெரிக்காவுக்குப் போனது. 1930களில் கய் பல்லார்ட் என்பவர் வெள்ளி கிரகத்தவர் பன்னிரண்டு பேரைக் கண்டதாக எழுதினார். ஆடம்ஸ்கியின் 'திபெத்தின் ராஜ சபை' அதே சூழலில் பிறந்ததுதான். இமயமலை மகாத்மாக்கள் இருந்த இடத்தில் 1952-ல் விண்வெளிச் சகோதரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். உபதேசம் பெரிதாக மாறவில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் பலர் இந்த வேரைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நம் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

அமெரிக்க அரசே ஆடம்ஸ்கியை ஆதரித்துக் கடிதம் கொடுத்ததாமே? ராணுவ மயானத்தில் புதைத்தார்கள், ராணியே கூப்பிட்டுப் பேசினார். அப்படியானால்?

மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம். கடிதம் போலி. 1957-ல் வெளியுறவுத் துறையின் தாளில் 'ஆர். இ. ஸ்ட்ரெய்த்' என்ற கையெழுத்தோடு ஆடம்ஸ்கிக்கு வந்தது. எழுதி அனுப்பியவர்கள் கிரே பார்க்கர் என்ற எழுத்தாளரும், சாட்சிகளை விசாரித்த அதே மோஸ்லியும். பார்க்கர் 1984 கடைசியில் இறந்த பிறகு மோஸ்லி ஒப்புக்கொண்டார். ஆடம்ஸ்கி அதை உண்மை என்றே நம்பிக் கடைசிவரை காட்டிக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் எனக்கு மோஸ்லி மேல் வருத்தம் உண்டு. ஆராயப் போனவர் ஆராய்ச்சிக்குரிய ஆவணத்தையே கெடுத்துவிட்டார்.

ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்தது உண்மை. 1965 ஏப்ரலில் இறந்தார். இளம் வயதில் ராணுவத்தில் பணிபுரிந்தவர் என்பதால் அந்த இடம் கிடைத்தது, தட்டுகளுக்காக இல்லை. நெதர்லாந்து ராணி ஜூலியானா 1959 மே மாதம் அவரைச் சந்தித்ததும் உண்மைதான். அது ராணியின் சொந்த ஆர்வம். அந்த நாட்டுப் பத்திரிகைகள் அதைக் கடுமையாக விமர்சித்தன.

எல்லாருமே ஏமாற்றுக்காரர்களா? இல்லை மனநோயா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு. ஆடம்ஸ்கி விஷயத்தில் திட்டமிட்ட ஏமாற்று இருந்தது என்று விளக்குமூடியையும், கீழே சொல்லப்போகும் நாவலையும் வைத்துச் சொல்வேன். பேச்சுகளுக்கு எஃப்.பி.ஐ.யும் விமானப் படையும் அனுமதி கொடுத்துவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டதற்காக அதிகாரிகள் நேரில் வந்து கண்டித்ததும் எஃப்.பி.ஐ. கோப்பில் இருக்கிறது.

ஆஞ்சலூச்சி வேறு மாதிரி. உடல்நலம் குன்றியவர். அவர் எழுதியதைப் படித்தால் ஒளி, பரவசம், கண்ணீர் என்று ஒரு சமய அனுபவத்தின் சாயல் இருக்கும். உளவியலாளர் கார்ல் யுங் 1958-ல் பறக்கும் தட்டுகள் பற்றி எழுதிய நூலில் அவரைத் தனியாக எடுத்துப் பேசினார். பொய்யர் என்று தள்ளவில்லை, மனத்தின் ஆழத்திலிருந்து எழுந்த காட்சியாக எடுத்துக்கொண்டார். ஒருவர் உண்மையாகவே ஒன்றை அனுபவித்திருக்கலாம், அந்த அனுபவத்துக்கு வெளியே தட்டு எதுவும் இல்லாமலும் இருக்கலாம். நோய் என்று முத்திரை குத்த, ஆளைப் பார்த்த மருத்துவர் வேண்டும். புத்தகம் படித்தவர் செய்யக் கூடாது.

அப்போது நீங்கள் ஒரு சந்திப்பைக்கூட நம்பவில்லையா?

நம்பவில்லை. ஆனால் நம்புகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஸ்வீடனில் ஹோகன் புளூம்க்விஸ்ட் என்ற நூலகர் ஓர் உதாரணம். 1973-ல் அவரும் நண்பர்களும் தொடங்கிய சேகரிப்புதான் நார்ஷோப்பிங் நகரில் இருக்கும் இன்றைய பெரிய ஆவணக் காப்பகம். ஆரம்ப காலத் தொடர்பாளர்களில் சிலருக்கு உண்மையான தொடர்பு இருந்திருக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு தாளைக்கூடத் தூக்கிப் போடாமல் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள். நம்பாதவர்கள் பலர் பெட்டி பெட்டியாகக் குப்பையில் போட்டதை இவர்கள் சேர்த்தார்கள்.

எனக்கும் இதை ஆராய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பிற்காலப் பதிப்புகளையும் காணொளிகளையும் தள்ளி வையுங்கள். ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் சொன்னது எப்போது, எந்தப் பத்திரிகையில் என்று தேடுங்கள். அடுத்தடுத்து சொன்னவற்றை வருட வரிசையில் அடுக்குங்கள். எது புதிதாகச் சேர்ந்தது, எது காணாமல் போனது என்று குறித்து வாருங்கள். ஃபிரை தம் பயணம் 1949-ல் நடந்தது என்று ஒரு சமயமும் 1950 என்று இன்னொரு சமயமும் சொன்னது இப்படித்தான் கண்ணில் படும்.

கைப்பழக்கத்துக்கு ஆடம்ஸ்கியே நல்ல ஆள். 1949-ல் அவர் பெயரில் ஒரு நாவல் வந்தது. நிலவு, செவ்வாய், வெள்ளி என்று பயணம் போகும் கற்பனைக் கதை. எழுதிக் கொடுத்தவர் லூசி மெக்கின்னிஸ். 1955-ல் விண்கலங்களுக்குள்ளே தாம் உண்மையாகப் போய் வந்ததாகச் சொல்லி ஒரு புத்தகம் வெளியிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, கலத்தின் உட்புற வர்ணனையையும் நிலவைப் பற்றிய பகுதிகளையும் முதலில் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகும் வரிகளைப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் பக்க எண் எழுதி வையுங்கள். பின்னால் யாராவது கேட்டால் காட்ட அது வேண்டும்.